மூச்சு நிற்பதில் மூத்தவர்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஒரு நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பதாக இருந்தால், அந்தக் காரணம் எந்தத் துறைக்குச் சொந்தம் என்று முதலில் முடிவாக வேண்டும். நோயாளி அதுவரை காத்திருப்பார். காத்திருக்க முடியாத நோயாளிகளைப் பற்றிப் பிணப் பரிசோதனைத் துறை தனியாக ஆராய்ச்சி செய்துகொள்ளும்.

நான் போடே. ஐந்தாம் ஆண்டு மாணவன். தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து நிற்கிற நோய் எதனால் வருகிறது என்று ஆராயலாம் என முதலில் சொன்னது நான்தான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அச்சான எந்த இடத்திலும் இது இல்லை. என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும் ஒரே இடம் என் அப்பாவுடைய பஸ்ஸின் பின்கண்ணாடி. ‘பாபா போடே’, அதாவது போடேயின் அப்பா, என்று மஞ்சள் சாயத்தில் எழுதியிருக்கும். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊருக்கும் இபாதான் நகரத்துக்கும் இடையே, பதினெட்டு பேர் உட்காரும் பஸ்ஸில் இருபத்தைந்து பேரை ஏற்றி ஓட்டுகிறவர்.

ஆராய்ச்சி என் தலையில் உதித்ததும் அவரால்தான். பாபா தூங்கினால் மரம் அறுக்கிற சத்தம் வரும். திடீரென்று சத்தம் நிற்கும். மூச்சும் நிற்கும். அம்மா முழங்கையால் ஓர் இடி கொடுப்பாள். தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவர் மாதிரி ஒரு மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும் அறுக்கத் தொடங்குவார். இரவெல்லாம் இப்படி என்பதால் பகலெல்லாம் கண் சொக்கும். போன மாதம் பெட்ரோல் வரிசையில் நின்றபோது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். பஸ் உருண்டு முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தை நசுக்கியது. பஸ்கள் கிளம்பும் மோட்டார் பார்க்கில் யார் எந்த வண்டியை ஓட்டுவது என்று தீர்மானிக்கும் சேர்மன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஸ்டியரிங் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று. பாபாவுக்கு ஸ்டியரிங் போய்விடும் என்று பயம். எனக்கு பாபாவே போய்விடுவார் என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கல்லூரிக்கு இரண்டு கருவிகளை நன்கொடையாக அனுப்பியது. ஒன்று, மார்பில் பட்டை, மூக்கில் குழாய், விரலில் கவ்வி மாட்டிக்கொண்டு தூங்கினால் மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்று எண்ணிச் சொல்லும் சின்னப் பெட்டி. மற்றது, முகமூடி வழியாகக் காற்றை ஊதித் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும் இயந்திரம். மாணவர்கள் ஆராய வேண்டும், ஆராய்ச்சியில் யாருக்கு மூச்சு அதிகமாக நிற்கிறதோ அவருக்கே அந்த இயந்திரம் என்பது சங்கத்தின் நிபந்தனை. பாபாவுக்கு அது கிடைத்தாக வேண்டும். கடையில் வாங்குவதென்றால் பஸ்ஸை விற்க வேண்டும், விற்றபின் தூங்காமல் இருந்துதான் என்ன பயன்?

முதல்வர் பேராசிரியர் அடெகொரோயேவிடம் போய் என் யோசனையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். கேட்டாரா தூங்கினாரா என்று தெரியவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து, “ரொம்ப நல்ல ஆராய்ச்சி. லடிப்போ தலைவனா இருக்கட்டும். பெட்டியை நீ தூக்கிக்கோ,” என்றார்.

லடிப்போ முதல்வரின் அக்கா மகன். என் வகுப்பு. இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் காலணி, ஆங்கிலத்தில் பேசும்போது மூக்கிலிருந்து வரும் ஒரு லண்டன். அவன் லண்டன் போனதில்லை. பெரியவர்களைக் கண்டால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவான், சட்டை கசங்காது. நான் விழுந்தால் பேனா சிதறும். அவன் சிரித்தால் எனக்கு வயிறு எரியும். சிரிக்காவிட்டால் எதை நினைத்துச் சிரிக்காமல் இருக்கிறான் என்று எரியும். வயிற்றெரிச்சலுக்கு நானே மாத்திரை எழுதிப் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை.

முதலில் காரண ஒதுக்கீட்டுக் குழு கூடியது. முதல்வர் நெஞ்சுத் துறைக்காரர். எழுந்து தொண்டையைச் செருமினார்.

“நான் யார் மேலயும் பொறாமைப்படுறவன் இல்லை. இந்தக் கல்லூரியில என்னைவிடப் பெரிய ரூம் யாருக்காவது இருந்திருந்தா பட்டிருப்பேன். இல்லாததால படலை. ஆனா ஒண்ணு கேக்குறேன். மூச்சு எங்க போகுது? நெஞ்சுக்குத்தானே போகுது? அப்ப மூச்சு நின்னா நஷ்டம் யாருக்கு? எங்க துறைக்கு. அதனால இந்த நோய்க்குக் காரணம் நெஞ்சுலதான் இருக்கணும். இல்லாட்டி அது இருக்கிறதுல அர்த்தமே இல்லை!”

தொண்டைத் துறைத் தலைவி பேராசிரியை ஓகுன்ரிந்தே எழுந்தார். தலையில் கட்டியிருந்த துணி முதல்வரின் பார்வையைப் பின்சுவர் வரை மறைத்தது.

“மூச்சு போய்ச் சேர்ற இடம் ஐயாவோடதா இருக்கலாம். அடைக்கிற இடம் என்னோடது. என் தொண்டையில நடக்குற அடைப்புக்கு இன்னொருத்தர் பேர் வாங்கிட்டுப் போக, நான் என்ன கையில வளையல் மாட்டிக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டா இருப்பேன்?” என்றார். கையில் நிறைய வளையல் மாட்டியிருந்தார்.

பல் துறைத் தலைவர் பயந்து பயந்து கையைத் தூக்கினார். “தாடை பின்னால தள்ளி இருக்கிறவங்களுக்கு, ஒல்லியா இருந்தாலும், நாக்கு பின்னாடி விழுந்து…” என்று தொடங்கினார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன். பாபா ஒல்லி. தாடை உள்வாங்கியிருக்கும். தாடி வைத்து மறைத்திருப்பார்.

“டாக்டர்,” என்றார் முதல்வர் அன்பாக, “உங்க துறைக்கு இன்னும் தனிக் கழிப்பறையே ஒதுக்கலை. நோய்க்குக் காரணத்தை எப்படி ஒதுக்குறது? வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

பல் துறைத் தலைவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் குழுவில் பாதிப் பேர் தூங்கிப்போயிருந்தார்கள். மூலையிலிருந்து ஒரு குறட்டை, எதிர்மூலையிலிருந்து அதற்கு ஒரு பதில். நடுவில் ஒன்று பாதியில் நின்று, நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தபிறகு மறுபடி ஓடியது. அவை ஆதரவுக் குரல்களாகப் பதிவாயின. முடிவில் சமரசம் ஏற்பட்டது. கழுத்து, தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இடையில் உள்ள எல்லைப் பகுதி என்பதால் இரு துறைகளுக்கும் பொது. ஆகவே நோய்க்குக் காரணம் பருத்த கழுத்து. ஆராய்ச்சி இனி இதைக் கண்டுபிடிக்கலாம்.

லடிப்போ விதிகளை வகுத்தான். கழுத்து பதினாறு அங்குலத்துக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. “ஒல்லிக் கழுத்தைச் சேத்தா முடிவு கெட்டுப்போகும்டா,” என்று விளக்கினான்.

“ஒல்லிக் கழுத்துக்காரனுக்கும் மூச்சு நின்னா?”

“நிக்காது. குழு தீர்மானம் போட்டாச்சு.”

பாபாவின் கழுத்து பதினாலு. அன்று இரவு உணவில் அம்மா அவருக்கு அதிகமாக அமலாக் களி வைத்தாள், நான் சொல்லித்தான். கழுத்துக்குப் போகவில்லை.

அடுத்தது பேனர். எங்கள் ஊரில் பேனர் கட்டாமல் குழந்தைகூடப் பிறக்காது. ஆஸ்பத்திரி வாசலில் கட்ட லடிப்போ எங்கள் யொரூபா மொழியில் இரண்டு வரி எழுதினான். உன் தூக்கம்தான் உன் மூச்சை நிறுத்துகிறது, வா, உன் கழுத்தை அளப்போம் என்று பொருள். எங்கள் பேச்சில் ஓருன் என்றால் தூக்கம். அதே ஓருனைக் குரல் ஏற்றி இறக்கிச் சொன்னால் நாற்றம். வேறு மாதிரி இறக்கினால் சூரியன். ஒருன் என்பது கழுத்து. சொல்லும் தோரணை மாறினால் அதுவே சொர்க்கம். எழுதும்போது எழுத்தின் தலையில் சின்னக் கோடுகள் போட்டு எது எது என்று காட்ட வேண்டும். லடிப்போவின் பேனரில் ஒரு கோடு இல்லை.

“கோடு போடுறா. தப்பாப் படிப்பாங்க,” என்றேன்.

“கல்லூரி அறிவிப்புல கோடு வரக்கூடாது. பழைய டைப்ரைட்டர்ல கோடு கிடையாது, அதனால கோடு போடக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. டைப்ரைட்டர் போயிடுச்சு, சுற்றறிக்கை போகலையே. உனக்கு என் பேர் பேனர்ல பெரிசா இருக்கிறதுதான் கண்ணை உறுத்துது, அதைச் சொல்லு!”

அதுவும் உண்மைதான். ஆனால் கோடும் இல்லை.

மறுநாள் காலை வாசலில் கூட்டம். முன்னால் நின்றவள் மிளகாய் மண்டி வைத்திருக்கும் மாமா ஷீலே, அதாவது ஷீலேயின் அம்மா. இடுப்பில் கை.

“என் நாத்தம் எவன் மூச்சை நிறுத்துச்சு? பேரைச் சொல்லுங்கடா! இருவது வருஷமா இந்தச் சந்தையில இருக்கேன், ஒருத்தன் மூக்கைப் பொத்தினதில்லை. பக்கத்துக் கடைக்காரி காசு குடுத்து எழுத வெச்சாளா?”

அவளுக்குப் பின்னால் கருவாட்டுக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. அறிவிப்பு தங்களுக்குத்தான் என்று ஏற்றுக்கொண்டு, என்ன மருந்து என்று பணிவாகக் கேட்டார்கள். வெயிலால் தலைவலி வந்த கொத்தனார்கள் சூரியனுக்காக வந்தார்கள். ‘வா, உன் சொர்க்கத்தை அளப்போம்’ என்று படித்த நோயாளிகள் சிலர் படுக்கையிலிருந்து எழுந்து, ஊசிக் குழாயோடு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஒரு பாஸ்டர் மட்டும் காரில் வந்து இறங்கி, லடிப்போவைத் தனியாக அழைத்தார்.

“தம்பி, எனக்கு அளக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. எதிர்த்தெரு சபைக்காரருக்கு எவ்வளவு வந்துச்சு?”

“அவரு வரலைங்க ஐயா.”

“அப்ப அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு போட்டுக்கோ. எனக்கு அள.”

பாஸ்டருக்குப் பதினேழரை அங்குலம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதை அறிவித்தார். நான் கூட்டம் வந்த அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். லடிப்போவின் காலணிமேல் மாமா ஷீலே மிளகாய்ப் பொடி கொட்டியதை நினைக்க நினைக்கப் பசியே எடுக்கவில்லை. ஆனால் மாலையில் கல்லூரி அறிவிப்பு வந்தது: முதல் நாளிலேயே இவ்வளவு மக்களை ஈர்த்த லடிப்போவுக்குப் பாராட்டு. மறுபடி எரிந்தது.

கழுத்துப் பருமனால் வரும் நோய் என்ற செய்தி பரவியதும் அதற்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கழுத்து மடிப்பு விழுந்தவரைப் பார்த்தால் நாற்காலி போடுவார்கள். ஒல்லிக் கழுத்துக்காரனிடம் என்ன வேலையாக வந்தாய் என்று கேட்பார்கள். பெரிய மனிதர்களுக்கு வரும் நோய், ஒரே ஒரு பெட்டி. ஆகவே பணி மூப்புப்படி ஊழியர்களுக்கு முதலில், பிறகு ஊர்ப் பிரமுகர்கள், பிறகு பொதுமக்கள், பிறகு நோயாளிகள் என்று உத்தரவு வந்தது. பெட்டியை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனது நான்.

பேராசிரியை ஓகுன்ரிந்தேவுக்கு மணிக்கு முப்பத்தொன்று வந்தது. இது வைத்தியம் பார்க்க வேண்டிய எண். அவருடைய துறையினர் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே நிறத் துணியில் உடை தைத்துக்கொண்டார்கள். ஜொல்லோஃப் சோறும் ஆட்டுக்கறி வறுவலும் போட்டு, மேளக்காரனை வரவழைத்து விருந்து வைத்தார்கள். மேளக்காரன் மேடம் பெயரைச் சொல்லி முப்பத்தொரு தடவை அடித்தான், ஒவ்வொரு அடிக்கும் நடுவே மூச்சு நிற்பது போல இடைவெளி விட்டு. மேடம் அடக்கமாகச் சொன்னார்: “இதுல என்ன இருக்கு. கடவுள் குடுத்தது. சில பேர் எவ்வளவு பெரிய நாற்காலியில உக்காந்தாலும் குடுக்க மாட்டாரு.”

முதல்வருக்கு ஒன்பதுதான் வந்தது.

அறைக்குள் என்னையும் லடிப்போவையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஒம்போதா? பதினெட்டரை அங்குலக் கழுத்துடா இது. தொட்டுப் பாரு. இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்த அம்மா எனக்கு ஏழு வருஷம் ஜூனியர். அவங்களுக்கு முப்பத்தொண்ணு, எனக்கு ஒம்போதுன்னா வெளிய எப்படித் தலைகாட்டுவேன்? என் வீட்டுக்காரியே கேக்குறா, அவ்வளவுதானான்னு.”

“மெஷின் உங்களைப் பாத்து பயந்திருக்கும் மாமா… ஸார்,” என்றான் லடிப்போ.

எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

“ஸார், ஒம்போதுன்னா நல்லதுதான். உங்களுக்கு நோய் பெரிசா இல்லைன்னு அர்த்தம்,” என்றேன்.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். “உங்க அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டார்.

“பஸ் டிரைவர் ஸார்.”

“அதானே,” என்றார்.

மறு சோதனைக்கு ஏற்பாடாயிற்று. சனிக்கிழமை இரவு இடித்த வள்ளிக்கிழங்கு இரண்டு மலை, மேலே எகுஸிக் குழம்பு, அப்புறம் பீர், அப்புறம் மல்லாந்து படுக்கை. ஞாயிறு காலை பெட்டியை வாங்கப் போனேன். வெளியே வந்து திறந்து பார்த்தேன். ஏழு.

இயந்திரம் யாருக்கு என்று அறிவிக்கும் திங்கட்கிழமைக் கூட்டம் வரை பெட்டி என்னிடம்தான் இருக்கும். அதற்கு ஒரு பழக்கம் உண்டு, கடைசியாக மாட்டியவரின் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளும், பழையது அழிந்துவிடும். ஏழு என்ற எண்ணை யாரும் பார்க்க விரும்பப்போவதில்லை. நான் நேராக மோட்டார் பார்க்குக்குப் போனேன். பாபா மதிய ஓட்டம் முடித்து, பஸ்ஸின் கடைசி இருக்கையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்னடா இது, மாட்டுக்குக் கட்டுற பட்டை மாதிரி?”

“மார்ல கட்டிக்கிட்டுத் தூங்குங்க பாபா. அவ்வளவுதான்.”

“எனக்குக் கழுத்தளவு பத்தலைன்னு உங்க பெரிய படிப்புக்காரங்க தள்ளிட்டாங்கன்னு சொன்ன?”

“அவங்களுக்குத் தெரியாது.”

“சேர்மனுக்கும் தெரியக் கூடாது பாத்துக்கோ. பாபா போடேக்கு தூக்க வியாதின்னு வெளிய வந்துச்சுன்னா சாவியைப் புடுங்கித் தன் மச்சான், அந்த வெட்டிப்பய கையில குடுத்துடுவான். என் வண்டி மேல அவனுக்கு எத்தனை நாளாக் கண்ணு தெரியுமா? டயரைத் தடவித் தடவிப் பாப்பான், களவாணி.”

பேசிக்கொண்டே தூங்கிப்போனார். நான் பக்கத்தில் வேர்க்கடலை தின்றபடி இருந்தேன். அறுப்பு, நிற்பு, திணறல். கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம்தான், ஆனால் விரல்கவ்வியில் ரத்தத்தின் பிராணவாயு எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு. கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தேன். அவர் விழித்ததும் பெட்டியைத் திறந்தேன். அறுபத்து நான்கு. ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல். இந்த மனுஷன் இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு இபாதான் சாலையில் போய்வந்துகொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பெயர் சொல்லாமல் ஒரு டிரைவர் என்று சொல்வது, தாடையைப் பற்றிச் சொல்வது, இயந்திரத்தைக் கேட்பது. கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஊதும் இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். நான் பெட்டியை மேசையில் வைத்து வாயைத் திறப்பதற்குள் முதல்வர் அதை எடுத்துக்கொண்டார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அறுபத்து நாலு!” என்றார்.

கைதட்டல். நான் எழுந்தேன். “ஸார், அது வந்து…”

“நன்றி கடைசியில சொல்லலாம் தம்பி, உட்காரு.”

மறுபடி எழுந்தேன். லடிப்போ என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “பெட்டி தூக்கினதுக்கு உன் பேரையும் சொல்லச் சொல்றேண்டா. அலையாதே.”

முதல்வர் அங்கியின் கைகளைத் தோள்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். “இந்த அறுபத்து நாலும் என்னோடது மட்டும் இல்லை. இந்தக் கல்லூரியோடது. சில பேர் முப்பத்தொண்ணுக்கே மேளம் வெச்சாங்க. நான் பொறாமைப்பட்டேனா? இல்லை. அமைதியா, வீட்டுல, யாருக்கும் தெரியாம, என் மூச்சை நானே நிறுத்திக்கிட்டு இருந்தேன். இப்ப தெரியுது யாரு மூத்தவங்கன்னு. கழுத்துதான் காரணம்கிறதுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்? அந்த இயந்திரத்தை என் வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

பாபாவின் மூச்சடைப்பை ஒருவர் என் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போகிறார், கூடவே பாபாவின் இயந்திரத்தையும். வாழ்க்கையில் பாபாவிடம் ஒரு பெரிய மனிதன் பொறாமைப்படும்படி இருந்தது அது ஒன்றுதான்.

கைதட்டல் ஓய்ந்ததும் பேராசிரியை ஓகுன்ரிந்தே எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது. அதுதான் முதல்வருக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும்.

“ஐயாவுக்கு வாழ்த்துகள். நான் முப்பத்தொண்ணோட ஒதுங்கிக்கிறேன். ஒரே ஒரு சின்ன விஷயம். மூச்சு ஐம்பதுக்கு மேல நிக்கிற ஊழியர், பகல்ல தூங்கி விழுந்து தப்பாக் கையெழுத்து போட்டுடுவாரு, அதனால குணமாகுற வரைக்கும் எந்தக் கோப்புலயும் கையெழுத்து போடக் கூடாது, தலைமைப் பொறுப்புல இருக்கக் கூடாதுன்னு போன வருஷம் ஒரு விதி வந்துச்சு. வெளியூர்ல சோதனை பண்ணிக்கிட்டு வந்த பழைய துணை முதல்வரை வீட்டுக்கு அனுப்புறதுக்கு ஐயாவே கைப்பட எழுதின விதி. நல்ல விதி. ஐயா ஓய்வெடுக்கட்டும். அடுத்த மூப்பு நான்தான்னு நெனைக்கிறேன்.”

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை மேசையின் நடுப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினார். மண்டபத்தில் எல்லோருக்கும் அந்தக் கிறீச் சத்தம் கேட்டது.

மதியம் முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தது. உள்ளே அவர் மட்டும். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார்.

“போடே. உக்காருப்பா.” ஐந்து வருடத்தில் அந்த அறையில் எனக்கு நாற்காலி இருப்பது அன்றுதான் தெரிந்தது. “உண்மையைச் சொல்லு. இது யாரு நம்பர்?”

“எங்க பாபா நம்பர் ஸார். நேத்து மதியம்…”

“அடப்பாவி, சொல்ல வேண்டியதுதானேடா!”

“ரெண்டு தடவை எழுந்து நின்னேன் ஸார்.”

“நின்னா போதுமா? கத்தணும்! என் நாற்காலி போகுதுடா. சரி, இப்பவே திருப்பி எடுத்துக்கோ. எனக்கு எவ்வளவு?”

“ஏழு ஸார்.”

“ஏழு!” முதல்வர் மேலே பார்த்துக் கும்பிட்டார். “ஏழு போதும். ஏழைவிட ஒரு முதல்வருக்கு என்ன வேணும்? ஆறுன்னு போட முடியுமா?”

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. கண்ணாடி முன் பழகியதெல்லாம் மறந்துபோய், பார்க்கில் பாபா பயணிகளிடம் பேரம் பேசும் குரலில் பேசினேன்.

“எடுத்துக்கிறேன் ஸார். ஆனா நம்பர் தனியா வராது. மெஷினும் கூட வரணும். எங்க பாபா பேரும் எங்கேயும் வரக் கூடாது.”

“கொண்டு போ. மாலையோட கொண்டு போ. யானைத் தும்பிக்கை மாதிரி அதை மாட்டிக்கிட்டு என் வீட்டுக்காரி முன்னால படுக்கணுமேன்னு நானே பயந்துக்கிட்டு இருந்தேன்.”

“இன்னொண்ணு ஸார். அவருக்குக் கழுத்து பதினாலுதான். தாடையாலதான் அவருக்கு அடைக்குது. அதை ஆராய்ச்சியில எழுதணும்.”

முதல்வரின் முகம் மாறியது. “தம்பி, நாற்காலி வேற, காரணம் வேற. காரணம் ஒதுக்கியாச்சு. ஒரு டிரைவர் கழுத்துக்காகக் குழுவை மறுபடி கூட்டச் சொல்றியா?”

அன்று மாலையே ஆணை வந்தது. எழுத்தர் அறிவிப்புப் பலகை முன் நின்று உரக்கப் படித்தார். தவறுதலாக முதல்வர் கணக்கில் சேர்க்கப்பட்ட அறுபத்து நான்கு மூச்சடைப்புகளும் ஒரு வாகன ஓட்டுநருக்கு மாற்றப்படுகின்றன. அவற்றோடு தொடர்புடைய இயந்திரமும் அவ்வாறே. ஆராய்ச்சி முடிவின் நலன் கருதி, மேற்படி ஓட்டுநர் பதினெட்டு அங்குலக் கழுத்து உடையவராகக் கருதப்படுவார்.

பேராசிரியை நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டார். ஊழியர்களில் மீண்டும் தானே முதலிடம் என்பதற்காக அடுத்த விருந்துக்குத் துணி பார்க்கக் கிளம்பினார். அந்த வார இறுதியில் மாணவர் ஆராய்ச்சி விழா. பருத்த கழுத்தே காரணம் என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவியதற்காக லடிப்போவுக்குக் கேடயம். அதை வாங்க மேடையில் விழுந்து வணங்கினான், சட்டை கசங்கவில்லை. உதவியவர்கள் பட்டியலில் என்னை ‘பேடே’ என்று அச்சடித்திருந்தார்கள். கேடயத்தில் அவன் பெயருக்கு மட்டும் எல்லாக் கோடுகளும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

விழாவிலிருந்து பாதியில் எழுந்து பார்க்குக்குப் போனேன். பாபாவின் பஸ் வேப்பமர நிழலில் நின்றது. வீட்டில் மின்சாரம் இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால், பார்க் எலக்ட்ரீஷியன் பஸ் பேட்டரியிலிருந்தே இயந்திரத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தான். கடைசி இருக்கையில் பாபா முகமூடியோடு படுத்திருந்தார். சேர்மன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடே, உங்கப்பா மூஞ்சியில என்னடா அது?”

“மெடிக்கல் காலேஜ் முதல்வர் குடுத்தது சேர்மன். அவர் சொந்தமா வெச்சிருந்தது.”

“முதல்வரே குடுத்தாரா? இவனுக்கா?” சேர்மன் முகம் சுருங்கியது. “பார்க்குக்குன்னு குடுத்தா எனக்குத்தானேடா முதல்ல வந்திருக்கணும்?”

“கழுத்து பதினெட்டு அங்குலம் இருந்தாத்தான் குடுப்பாங்க.”

சேர்மன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். நான் பாபா பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. மார்பு ஏறியது, இறங்கியது, ஏறியது. எங்கும் நிற்கவில்லை. முன்சீட்டுப் பாட்டி ஒருத்தி, “டிரைவர் செத்துட்டாரா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கல்லூரி முகப்பில் காட்சிக்கு வைத்ததிலிருந்து, மூன்று நாளாக, லடிப்போவின் கேடயம் என்னைக் கண்ணை மூடவிடவில்லை. மூடினால் அதன் ஓரத்துப் பித்தளைப் பூ தெரிந்தது. நான் பாபாவைப் பார்த்தேன். ஒரு மனிதன் இப்படித் தூங்க முடியுமா என்று பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

பயணிகள் நிறைந்ததும் பாபா தானாகவே விழித்தார். முகமூடியைக் கழற்றினார். கன்னத்தில் பட்டையின் தடம். கண் இரண்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தன.

“கனவு கண்டேன்டா போடே. கனவு வந்தே எத்தனை வருஷம் இருக்கும்! உங்க முதல்வர் நம்ம வண்டியில கண்டக்டரா ஏறியிருந்தாரு.”

“அவரா? நல்லா வேலை செஞ்சாரா?”

“நல்லாக் கூவினாரு. ‘இபாதான், இபாதான், நெஞ்சுக்காரங்க முன்னால, தொண்டைக்காரங்க பின்னால’ன்னு.” பாபா சாவியைத் தேடி எடுத்தார். “பாதி வழியில தூங்கிட்டாரு. பெரிய மனுஷன், எழுப்ப மனசு வரலை. நானே கூவிக்கிட்டு, நானே காசு வாங்கிக்கிட்டு, நானே ஓட்டிக்கிட்டுப் போய்ச் சேத்தேன். ஒரு இடத்துலயும் கண்ணு மூடலைடா.”